செத்தவீட்டு வைஃபை

செத்தவீட்டில் யாரும் யாரையும் எதுவும் கேட்பதில்லை. எங்கள் பக்கத்தில் அது எழுதாத சட்டம். கதிரைகள் வந்து இறங்கும், யார் அனுப்பியது என்று தெரியாது. பந்தலுக்குத் தறப்பாள் வரும், சாப்பிடப் பாண் வரும், வாளி நிறையத் தேத்தண்ணி வரும். அந்த வீட்டில் அடுப்பு மூட்டக்கூடாது என்பதால் எது இல்லையோ அதை அயல் கொண்டுவந்து வைத்துவிட்டுப் பேசாமல் போய் ஓர் ஓரத்தில் உட்கார்ந்துகொள்ளும். கொண்டுவந்தவர் அதைச் சொல்லிக்காட்டுவதும் அழகில்லை, வீட்டுக்காரர் விசாரிப்பதும் அழகில்லை. மிக நல்ல வழக்கம். சாகும்வரை அதை நான் மன்னிக்கப்போவதில்லை.

நான் பாடசாலையில் கணினி படிப்பிக்கிறவள். இரணைமடுக் குளத்துக்குக் கீழே, வாய்க்கால் ஓரத்தில் எங்கள் கிராமம். நெல்லுக்குக் குறைவில்லை, போன் சிக்னலுக்குத்தான் பஞ்சம். குறுஞ்செய்தி வரும், குரல் துண்டு துண்டாக வரும். படம் பார்க்க வேண்டுமென்றால் சைக்கிளை எடுத்துக்கொண்டு பரந்தன் பக்கமாகப் பெரிய தெருவுக்குப் போக வேண்டும். இதற்கு விலக்கு ஒரே ஒரு வீடு. எனக்கு இரண்டு வளவு தள்ளியிருந்த அம்மாவின் வீடு.

அந்த அம்மாவின் இளைய மகன் சுவிஸில் இருந்தான். தாயின் முகத்தைப் பார்த்துப் பேச வேண்டும் என்று என்னிடம் கேட்டு, நான்தான் அந்த ஏற்பாட்டைச் செய்துகொடுத்தேன். கூரைக்கு மேலே உயரமான இரும்புக் குழாய், அதன் தலையில் சிக்னலை இழுக்கும் அன்ரனா, அதிலிருந்து ஒரு மோடம், மோடத்திலிருந்து பாடசாலையில் கழித்துவிட்ட ஒரு பழைய கணினி. அதில் லினக்ஸ் போட்டு, வைஃபை கார்ட் ஒன்று செருகி, அதையே வைஃபை கொடுக்கும் பெட்டியாக மாற்றினேன். கடையில் விற்கும் ரவுட்டர் எங்கள் வெக்கைக்கும் கறண்ட் போய்வரும் ஆட்டத்துக்கும் நின்றுபிடிக்காது என்பது என் எண்ணம். என் பெட்டியைப் பற்றி எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது என்று வையுங்கள்.

அந்த அம்மாவுக்குப் பிள்ளைகள் இரண்டு பேர். மூத்தவன் முள்ளிவாய்க்காலில் தண்ணீர் எடுக்கப் போனவன், திரும்பி வரவில்லை. உடலைக் கண்டவர்கள் இல்லை. தாய் தேடாத இடமில்லை. யார் கேட்டாலும் மகனுக்கு நாடியில் ஒரு வெட்டுத் தழும்பு, வலக் காலில் ஒரு கறுப்பு மறு என்று ஒன்றுவிடாமல் சொன்னார். பிறகு ஆட்கள் வரத் தொடங்கினார்கள். மகனைக் கண்டேன், நாடியில் தழும்பு இருந்தது, காலில் மறு இருந்தது என்றார்கள். ஒருவர் போனில் ஒரு வீடியோவும் கொண்டுவந்து காட்டினார். தூரத்தில் யாரோ ஒரு பையன் குந்தியிருந்தான். அதைப் பார்த்துப் பார்த்து அழுதவர், பிறகொரு நாள் அதே வீடியோவை இன்னொரு தாய் தன் மகன் என்று சொல்லி அழுததைக் கண்டார்.

"நான் சொன்னதையே எனக்குத் திருப்பிச் சொன்னவை, ரீச்சர்," என்று ஒருமுறை என்னிடம் சொன்னார்.

அதற்குப் பிறகு அவர் இரண்டு விஷயத்தில் உறுதியாக இருந்தார். இளைய மகனின் உடம்பில் உள்ள அடையாளம் எதையும் எவருக்கும் சொல்லமாட்டார். கேட்டால் பதில் சொல்லாத படத்தை நம்பமாட்டார்.

அந்த இளைய மகன் இறந்துவிட்டதாகச் செய்தி வந்தது. ஓர் உணவகத்தின் குசினியில் வேலை செய்தவன். அறையில் தனியே கிடந்து செத்தான், மாரடைப்பு என்று கூட வேலை செய்த பெடியன் சொன்னான். உடலைக் கொண்டுவர வழியில்லை. அங்கேயே எரிக்க நாள் கிடைப்பதற்குள் வாரங்கள் போய்விட்டன. பட்ட காலிலேதான் படும் என்று ஊர் சொன்னது. அந்த அம்மா அழவில்லை. என்னைக் கூப்பிட்டு எதிரே இருத்திக்கொண்டு பேசினார்.

"பதிஞ்சு வைச்சுக் காட்டிற வேலை எனக்கு வேண்டாம் ரீச்சர். நேரை வரவேணும். நான் கேக்க அந்தத் தம்பி அங்கையிருந்து பதில் சொல்லவேணும். அவன்ரை உடம்பிலை ஒரு அடையாளம் கிடக்கு. பெட்டி மூட முதல் அதை எனக்குக் காட்டச் சொல்லுங்கோ. கண்டனெண்டால் நான் அழுவன். காணேல்லையெண்டால் அழமாட்டன்."

"என்ன அடையாளம் அம்மா? சொன்னால் நான் தம்பிக்கு முதலே சொல்லி வைக்கலாம்."

"அந்த நேரத்திலை நானே சொல்லுறன்."

எனக்குச் சுருக்கென்றது. என்னையும் அந்த வீடியோக்காரனோடு சேர்த்துவிட்டாரே என்று. பிறகு யோசித்தபோது, அவர் யாரையும் தனியாகச் சந்தேகிக்கவில்லை, எல்லோரையும் ஒரேயடியாகச் சந்தேகிக்கிறார் என்று விளங்கியது. அந்தப் பெடியனும் நல்ல பெடியன். சவப்பெட்டிக்குப் பக்கத்தில் போனோடு நிற்பேன், அம்மா சொல்லும் இடத்தைக் காட்டுவேன், ஆனால் மூடச் சொல்லிவிட்டால் திறக்கமாட்டார்கள், இங்கே எல்லாம் குறித்த மணிக்குத்தான் நடக்கும் என்றான்.

சடங்கு அங்கே முற்பகல், எங்களுக்குப் பிற்பகல். காலையிலேயே போய் எல்லாவற்றையும் சரிபார்த்தேன். பெடியன் அழைத்து, வெறும் மண்டபத்தைக் காட்டினான். படம் கண்ணாடி போல் தெளிவாக இருந்தது. மகனின் படத்துக்கு முன்னால் குத்துவிளக்கு, பக்கத்தில் ஒரு முக்காலி, அதில் தாயின் போன். சனம் வரத் தொடங்கியிருந்தது. தறப்பாள் கட்டிக்கொண்டிருந்தார்கள். நான் வீட்டுக்குப் போய்க் குளித்து, வெள்ளைச் சேலை உடுத்துக்கொண்டு திரும்பினேன்.

திரும்பியபோது வளவு நிறையச் சனம். தாயின் போனை யாரோ சார்ஜ் போடுவதற்காக நிறுத்திவைத்திருந்தார்கள். எடுத்துப் போட்டேன். வைஃபை பிடித்தது. அதற்குக் கீழே, இணையம் இல்லை என்று எழுத்து வந்தது.

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி இடங்கொடுக்க வேண்டுமே. வைஃபையில் சேர்வது ஒன்று, பேசுவது வேறொன்று. சேர்ந்த ஒவ்வொரு போனுக்கும் பெட்டி ஓர் இலக்கம் கொடுக்க வேண்டும். அதை ஐபி இலக்கம் என்பார்கள். போன் கேட்கும், பெட்டி இந்தா என்று நீட்டும், போன் சரி என்று வாங்கிக்கொள்ளும். அது நடந்தால்தான் வெளியுலகம். நடுவீட்டில் ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்த பெண்களுக்கு நடுவே நான் மடிக்கணினியை வைத்துக்கொண்டு, வயர் மூலம் பெட்டிக்குள் போய், அது எழுதிவைக்கும் பதிவுகளைப் பார்த்தேன். போன்கள் கேட்டிருந்தன. பெட்டி நீட்டியிருந்தது. பிறகு ஒன்றுமில்லை. வாங்கிக்கொண்டதாக ஒரு வரி கூட இல்லை.

சனம் கூடிவிட்டது, கொடுக்க இலக்கம் தீர்ந்துவிட்டது என்று நினைத்தேன். ஊர் முழுக்க அந்த வீட்டு வைஃபையின் கடவுச்சொல் தெரியும், அந்த அம்மா எவருக்கும் இல்லை என்று சொன்னதில்லை. கொடுக்கும் இலக்கங்களின் எல்லையைக் கூட்டினேன். ஒருவர் எழும்பிப் போனால் அவருடைய இலக்கம் சீக்கிரம் திரும்பி வரும்படி மாற்றினேன். அந்த வேலையைச் செய்யும் நிரலை நிறுத்தித் திரும்பத் தொடக்கினேன். அதே கதை. கேட்டது, நீட்டியது, மௌனம். அப்படியென்றால் நீட்டுவது போனுக்குப் போய்ச் சேரவில்லை, வைஃபை கார்ட் வெக்கையில் மக்கர் பண்ணுகிறது என்று முடிவுகட்டினேன். மின்விசிறியைப் பெட்டிப் பக்கம் திருப்பச் சொன்னேன். அலைவரிசையை மாற்றினேன். கடைசியில் பெட்டியையே நிறுத்திப் போட்டேன். அது எழும்பி வந்தபோது, அதுவரை ஒழுங்காக வேலைசெய்த என் மடிக்கணினிக்கும் இணையம் போய்விட்டது.

நான் அதில் நின்று யோசித்திருக்க வேண்டும். வயரில் செருகியிருந்த மடிக்கணினிக்கும் வைஃபை கார்ட்டுக்கும் என்ன சம்பந்தம்? பத்தாம் வகுப்புப் பிள்ளை கேட்கும் கேள்வி. ஆத்திரக்காரருக்குப் புத்தி மட்டு என்பதை என்னை நினைத்தே சொல்லியிருக்கிறார்கள். நான் யோசிக்கவில்லை. பெட்டியை இன்னொரு தடவை நிறுத்திப் போட்டேன்.

அந்த அம்மா அசையாமல் முக்காலிக்கு முன்னால் இருந்தார். போனைப் பார்த்துக்கொண்டிருந்தார், என்னைப் பார்க்கவில்லை. என் கைப்பையில் இருந்த போன் ஒருமுறை அதிர்ந்தது. பெடியனின் குறுஞ்செய்தி. "அக்கா, அம்மா எங்கை? எல்லாரும் வந்திட்டினம்."

யாரோ ஓர் இளைஞன், அம்மாவை மோட்டார் சைக்கிளில் ஏற்றிப் பெரிய தெருவுக்குக் கொண்டுபோனால் என்ன என்றான். நல்ல யோசனை. வெளியிலிருந்து வெற்றிலை வாயோடு ஒரு பெரியவர் உள்ளே எட்டிப் பார்த்தார்.

"என்ன விசர்க்கதை கதைக்கிறாய்? பிள்ளையைப் பறிகொடுத்தவள் இண்டைக்குப் படலை தாண்டலாமோ?"

அந்த அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். "இஞ்சையே வருமோ ரீச்சர்?"

"வரும் அம்மா. இப்ப வரும்."

எனக்கு அந்தப் பெரியவர் மீது கோபம், பெட்டி மீது கோபம், வாசலில் நின்று போனை நோண்டிக்கொண்டிருந்த ஒவ்வொருவர் மீதும் கோபம். எழும்பி நின்று கத்தினேன்.

"எல்லாரும் உங்கடை வைஃபையை நிப்பாட்டுங்கோ! ஒருத்தரும் விடாமல் நிப்பாட்டுங்கோ!"

ஒப்பாரி நின்றது. செத்தவீட்டில் அப்படிக் கத்தியவள் அந்த ஊரில் நான் ஒருத்திதான். பாவம், சனம் பயந்துபோய் ஆளாளுக்குப் போனை எடுத்து நிறுத்தியது. பதிவுகளைப் பார்த்தேன். பெட்டியின் பழைய திரையில் தாயின் போன் ஒன்றுதான் இருந்தது. அது கேட்டது. பெட்டி நீட்டியது. அது வாங்கவில்லை. ஆனாலும் போனின் மூலையில் வைஃபை அடையாளம் சிரித்துக்கொண்டு நின்றது. அப்போதுதான், முதலிலேயே செய்திருக்க வேண்டிய காரியத்தைச் செய்தேன். போனுக்கு என்ன இலக்கம் கிடைத்திருக்கிறது என்று போனிலேயே பார்த்தேன். என் பெட்டி பத்தில் தொடங்கும் இலக்கங்களைத்தான் கொடுக்கும். போனில் இருந்தது நூற்றுத் தொண்ணூற்றிரண்டில் தொடங்கியது.

போன் வாங்கியிருக்கிறது. என்னிடம் இல்லை, வேறொருவரிடம்.

"ஆராவது இஞ்சை ரவுட்டர் கொண்டுவந்து பூட்டினனீங்களோ?" என்று கேட்டேன். ஒருவரும் பேசவில்லை. செத்தவீட்டில் நான்தான் கொண்டுவந்தேன் என்று யார் சொல்வார்கள்? இரண்டாவது குறுஞ்செய்தி வந்தது. "மூடப்போயினம் அக்கா." நான் பெட்டியிலிருந்து போகும் வயரைக் கையால் தடவிக்கொண்டே போனேன். அலுமாரிக்குப் பின்னால், வயர்களைப் பிரித்துக்கொடுக்கும் சிறிய பெட்டியில், நான் போடாத நீல வயர் ஒன்று இருந்தது. அது யன்னல் வழியாக வெளியே போய், தறப்பாளின் விளிம்போடு ஓடி, பந்தல் கம்பத்தில் வெள்ளைத் துணியால் நேர்த்தியாகக் கட்டியிருந்த ஒரு புது ரவுட்டரில் முடிந்தது. மழை பட்டாலும் என்று அதற்கு ஒரு பொலித்தீன் உறையும் போட்டிருந்தார்கள்.

அந்த ரவுட்டருக்கு என்று ஒரு இணையமும் இல்லை. ஆனால் கடையிலிருந்து வந்த கையோடு, கேட்டவர்களுக்கெல்லாம் இலக்கம் கொடுக்கும் வேலையை அது தானாகவே தொடங்கியிருந்தது. என் பெட்டி மரியாதை தெரிந்தது. ஓர் இலக்கத்தைக் கொடுக்கமுன், அதில் ஏற்கெனவே ஆள் இருக்கிறதா என்று ஒருமுறை கூப்பிட்டு, பதில் வருகிறதா என்று காத்திருந்துவிட்டுத்தான் நீட்டும். இது எதையும் பாராமல் உடனே நீட்டிவிடும். போன்கள் முதலில் நீட்டிய கையைப் பிடித்துக்கொண்டு, வழியில்லாத வழியில் போய் நின்றன. நான் பெட்டியை நிறுத்திப் போட்ட ஒவ்வொரு முறையும், சரியாக இருந்தவர்களையும் அதன் கையில் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறேன்.

வயரைப் பிடுங்கினேன். பக்கத்துக் கதிரையிலிருந்து ஒருவர் எழும்பி வந்தார். அந்த அம்மாவின் அண்ணன் மகன், வவுனியாவில் போன் திருத்தும் கடை வைத்திருப்பவர். விடியவே வெளிக்கிட்டு வந்தவர், கண்கள் வீங்கியிருந்தன.

"ஏன் ரீச்சர் கழட்டுறியள்? இவ்வளவு சனத்துக்கு ஒண்டு காணாது எண்டு நான்தான் பூட்டினனான். மாமிக்குத் தடங்கல் வரக்கூடாது பாருங்கோ."

வயரை அவர் கையில் கொடுத்தேன். காரணம் அந்த ரவுட்டர்தான் என்று அவருக்கு இன்றுவரை நான் சொல்லவில்லை.

உள்ளே ஓடிவந்து போனைத் துண்டித்துத் திரும்ப இணைத்தேன். கேட்டது, நீட்டியது, வாங்கியது. பெடியனை அழைத்தேன். முதல் மணியிலேயே எடுத்தான். படம் காலையில் இருந்ததைப் போலவே தெளிவாக வந்தது. பளபளவென்று ஒரு மூடிய பெட்டி, அதன் மேல் பூ.

அந்த அம்மா போனை இரண்டு கையாலும் எடுத்துக்கொண்டார். "தம்பி, திறக்கச் சொல்லுங்கோ."

"மூடிட்டினம் அம்மா. நான் சொல்லிப் பாத்தனான். இனித் திறக்கமாட்டினமாம். பின்னாலை அடுத்த ஆக்கள் நிக்கினம்."

"ஒருக்கால் தம்பி. ஒரே ஒருக்கால். அவன்ரை..." என்று சொல்லிவிட்டு நிறுத்தினார். சுற்றிலும் இருந்த எங்களைப் பார்த்தார். அந்த நேரத்திலும் அவர் வாயிலிருந்து அந்த இடம் வரவில்லை. பெட்டி நகரத் தொடங்கியது. வாசலில் இருந்த பெரியவர், பொம்பிளையள் சுடலை பார்க்கிறேல்லை, நிப்பாட்டுங்கோ என்றார். யாரும் நிறுத்தவில்லை. ஒரு கதவு திறந்து, பெட்டி உள்ளே போய், கதவு மூடியது. நடுவீட்டுப் பெண்கள் எல்லோரும் தலையில் அடித்துக்கொண்டு அழுதார்கள். நானும் அழுதேன். அந்த அம்மா அழவில்லை. போனை முக்காலியில் திருப்பி வைத்துவிட்டு, எல்லோரும் சாப்பிட்டீர்களா என்று கேட்டார்.

முழுச் சடங்கையும் யாரோ பதிந்து அனுப்பினார்கள். தாய்க்கு வேண்டாத பொருள் அது என்று தெரிந்தும், நான் அதைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். முகம் வீங்கி, மாப்பூசி, மீசை மழித்து, கழுத்துவரை கோட்டும் கழுத்துப்பட்டியுமாக ஒரு மனிதர். அவனாக இருக்கலாம். பல தடவை வீடியோவில் பேசியவள் நான், எனக்கே அவ்வளவுதான் சொல்ல முடிந்தது. தாய் ஒருமுறை பார்த்தார்.

"கோட்டுப் போட்டால் எல்லாரும் இப்பிடித்தான் இருப்பினம்," என்று போனைத் திருப்பித் தந்தார்.

எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவுக்குப் படையல் வைக்க அவர் விடவில்லை. மகனின் படத்துக்கு முன்னால் இருந்த விளக்கைத் தானே தூக்கிக்கொண்டுபோய்க் குசினியில் வைத்தார். "இருக்கிற பிள்ளைக்கு ஆர் விளக்கு வைக்கிறது? அங்கை பிடிச்சு வைச்சிருப்பாங்கள், விடேக்கை போன் எடுப்பான்," என்றார். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி செய்யாவிட்டால் செத்தவன் அலைவான் என்று சொந்தக்காரர்கள் பதறினார்கள். வவுனியாக்காரர் என்னைத் தேடி வந்தார்.

"ரீச்சர், நீங்கள் சொன்னால் மாமி நம்புவா. வீடியோவிலை அந்த அடையாளத்தைக் கண்டனான் எண்டு ஒரு சொல்லுச் சொல்லுங்கோ. பொய்யெண்டாலும் புண்ணியம்."

எனக்கும் அது நியாயமாகவே பட்டது. ஒரு பிள்ளைக்காக அவர் இத்தனை காலம் காத்திருந்தது போதாதா? இரண்டாவது பிள்ளைக்கும் அப்படிக் காத்திருக்க விடுவதா? போனேன். அவர் நெல்லுப் புடைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"அம்மா, அந்தப் பதிவை நான் பெரிசாக்கிப் பாத்தனான். நீங்கள் சொன்ன அடையாளம் கிடக்கு. அவர்தான்."

சுளகு நின்றது. ஒரு கணம் அவர் முகம் உடைந்து வருவது போல இருந்தது. நான் எதற்காக வந்தேனோ அது நடக்கப்போகிறது என்று நினைத்தேன்.

"எந்த இடத்திலை ரீச்சர்?"

கன்னம் என்று சொல்லலாம். நெற்றி என்று சொல்லலாம். கை என்று சொல்லலாம். அவர் கொஞ்ச நேரம் காத்திருந்தார். கோபப்படவில்லை. சுளகைத் திரும்ப எடுத்துப் புடைக்கத் தொடங்கினார்.

"இருந்து தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ," என்றார். "முந்தியும் உங்களை மாதிரி நல்ல ஆக்கள்தான் வந்து சொன்னவை."